ஒரு ஆப்பிலிருந்து இன்னொரு ஆப்பைத் திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் மெஸ்ஸுக்கு ஒரு சின்ன ஆப் செய்துகொடுத்தேன். மெனு, விலைப்பட்டியல், கீழே நான்கு பட்டன்கள்: அழை, வாட்ஸ்அப், வழி, பணம். மெனுவை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். நான்கு பட்டன்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொன்றும் வேறொரு ஆப்பைத் திறக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரியது. அதற்குப் பிறகு நண்பர்களும் மாணவர்களும் இதே விஷயத்தில் கேட்ட கேள்விகளையெல்லாம் இங்கே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன்.

கோடில் வரும் சொற்களைத் தமிழில் ஒலித்தபடி எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு ஆப் இன்னொன்றைத் திறக்கிறது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

மெஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சப்ளையர் சமையலறைக்குள் போய்த் தோசை சுடுவதில்லை. ஜன்னலில் சீட்டை வைக்கிறார், உள்ளே யாரோ எடுத்துச் செய்கிறார்கள். போனிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஆப்பும் தன் அறைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, பக்கத்து அறைக்குச் சாவி கிடையாது. "இந்த எண்ணை அழைக்க வேண்டும்", "இந்த இடத்தை வரைபடத்தில் காட்ட வேண்டும்" என்று இயங்குதளத்திடம் ஒரு சீட்டு கொடுக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சீட்டை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று இயங்குதளம் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

ஆண்ட்ராய்டில் அந்தச் சீட்டுக்கு இன்டென்ட் என்று பெயர். 2008-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஐபோனில் சீட்டு என்பது ஒரு யுஆர்எல், அதாவது முகவரி வடிவில் இருக்கும். சீட்டை வாங்கிக்கொண்ட ஆப் அதை வைத்து என்ன செய்கிறது என்பது அதன் பாடு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஆண்ட்ராய்டில் குறிப்பிட்ட ஒரு ஆப்பைப் பெயர் சொல்லித் திறக்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு ஆப்புக்கும் பேக்கேஜ் பெயர் என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்து, அந்த ஆப்பின் தொடக்க இன்டென்டை இயங்குதளத்திடம் கேட்டு வாங்கி இயக்கினால் முகப்புத் திரை திறக்கும். வாட்ஸ்அப்பின் பேக்கேஜ் பெயர் காம்.வாட்ஸ்அப். கூகுள் பேயின் இந்தியப் பதிப்புக்குள்ள பேக்கேஜ் பெயரில் 'பைசா' என்ற சொல் இன்றும் இருக்கிறது. 2017-இல் 'தேஜ்' என்ற பெயரில் வந்து, 2018-இல் கூகுள் பே ஆனது. வெளியே பெயர் மாறினாலும் பேக்கேஜ் பெயர் மாறாது. ஸ்டோரில் ஒரு ஆப்பின் அடையாளமே அதுதான், மாற்றினால் அது புது ஆப்பாகிவிடும்.

ஆனால் பெயர் சொல்லித் திறப்பதை நான் பெரும்பாலும் தவிர்க்கிறேன். உங்களுக்கு வேண்டியது கூகுள் மேப்ஸா, இல்லை வழியா? வழிதான் என்றால் வழியைக் கேளுங்கள். எந்த ஆப்பில் பார்ப்பது என்று பயனர் முடிவு செய்யட்டும்.

ஐபோனில்?

பெயர் சொல்லித் திறக்க வழியில்லை. எதிர் ஆப் தனக்கென ஒரு ஸ்கீம், அதாவது எச்டிடிபி போல முகவரியின் தொடக்கத்தில் வரும் ஒரு சொல், பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது ஒரு இணைய முகவரியைத் தன்னுடையது என்று நிரூபித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த ஆப்பை உங்களால் திறக்கவே முடியாது. ஆப்பிளின் உள்ளறைக் கோடுகளைப் பயன்படுத்திக் குறுக்கு வழி காட்டும் பதிவுகள் இணையத்தில் கிடைக்கும். அதை நம்பி ஆப் ஸ்டோருக்கு அனுப்பினால் பரிசீலனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நேற்று வரை வேலை செய்த பட்டன், ஆப்பை அப்டேட் செய்ததும் காணாமல் போய்விட்டது. ஏன்?

இது எனக்கே நடந்தது. 2021 நவம்பரிலிருந்து பழைய ஆப்களின் அப்டேட்டுகளும் ஆண்ட்ராய்டு 11-ஐக் குறிவைத்திருக்க வேண்டும் என்று பிளே ஸ்டோர் விதி வந்தது. கோடில் ஆண்ட்ராய்டு 10-க்கான 29 என்ற எண்ணை 11-க்கான 30 ஆக மாற்றி, சாயங்காலம் ஏற்றிவிட்டேன். என் போனில் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மெஸ்காரர் அழைத்தார். "தம்பி, பணம் கட்டுற பட்டனையே காணோம்னு ரெண்டு பேர் சொல்றாங்க."

என் போன் ஆண்ட்ராய்டு 10. அந்த இரண்டு பேருடையதும் 11. விஷயம் அவ்வளவுதான்.

2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, ஒரு ஆப்பின் கண்ணுக்கு மற்ற ஆப்கள் தெரியாதபடி திரை போட்டுவிட்டது. அதற்கு முன் எந்த டார்ச்லைட் ஆப்பும் உங்கள் போனில் என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் எடுக்கலாம். எந்த வங்கியில் கணக்கு, எந்தக் கல்யாணப் பொருத்த ஆப் என்று எல்லாம் தெரியும். அதை நிறுத்தியது நல்லதுதான். ஆனால் என் கோடு, "பணம் அனுப்பும் ஆப் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு, இருந்தால்தான் பட்டனைக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. "இல்லை" என்று பதில் வந்ததும் பட்டனை மறைத்துவிட்டது.

தீர்வு எளிது. ஆப்பைப் பற்றி இயங்குதளத்துக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் குவெரீஸ் என்ற பகுதியைச் சேர்த்து, எந்தெந்தப் பேக்கேஜை அல்லது எந்த மாதிரி சீட்டை எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எல்லா ஆப்களையும் பார்க்க ஒரு தனி அனுமதியும் உண்டு, ஆனால் பிளே ஸ்டோர் அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மெஸ் ஆப்புக்கு அதைக் கேட்டுப் போய் நிற்காதீர்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. எதிர் ஆப் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதற்கு இன்டென்ட் அனுப்பித் திறக்கலாம், அதற்குத் தடை இல்லை. 'இருக்கிறதா' என்று முன்னால் கேட்பதற்குத்தான் தடை. ஆகவே கேட்டுப் பார்த்து அனுப்புவதைவிட, அனுப்பிப் பார்த்து, யாரும் எடுக்கவில்லை என்ற பிழை வந்தால் அதைப் பிடித்துக்கொள்வதே நல்லது. பேக்கேஜ் பெயரைக் கொடுத்துத் தொடக்க இன்டென்டை வாங்கும் முறை மட்டும் இதில் சேராது. அது முதலில் தேடிப் பார்க்கும் வகை, குவெரீஸ் இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்பும்.

ஐபோனிலும் இப்படி ஒரு திரை உண்டா?

உண்டு. அங்கே ஐந்து வருடம் முன்னதாகவே, 2015-இல் ஐஓஎஸ் 9-இலேயே வந்துவிட்டது. ஒரு ஸ்கீமைத் திறக்க முடியுமா என்று கேட்க, அந்த ஸ்கீமின் பெயரை ஆப்பின் விவரக் கோப்பான இன்ஃபோ கோப்பில் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் ஆப் இருந்தாலும் 'முடியாது' என்றே பதில் வரும். பட்டியல் 50-க்கு மேல் போகக் கூடாது. இங்கேயும் கேட்காமல் நேராகத் திறக்கச் சொல்வதற்குப் பட்டியல் தேவையில்லை.

'அழை' பட்டனுக்கு என்ன அனுமதி கேட்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். டயல் என்ற செயல், எண்ணை நிரப்பி டயலரைத் திறந்துவைக்கும். பச்சைப் பட்டனைப் பயனர் அமுக்க வேண்டும். கால் என்ற செயல் நேராக அழைத்துவிடும், அதற்குத்தான் அனுமதி வேண்டும். சாப்பாடு கேட்கும் ஆப்புக்கு டயல் போதும். நேராக அழைக்கும் அனுமதியைக் கேட்டால் பாதிப் பேர் பயந்துபோய் ஆப்பையே நீக்கிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் செய்தி பாதியில் நின்றுவிடுகிறது. தமிழ் என்பதாலா?

தமிழ் காரணமில்லை, இடையில் வரும் குறிதான் காரணம்.

வாட்ஸ்அப்பைத் திறக்க எளிய வழி அதன் டபிள்யூஏ.மீ முகவரி. அதன் பின்னால் நாட்டு எண்ணோடு சேர்த்துத் தொலைபேசி எண்ணை எழுத வேண்டும். 91, அப்புறம் பத்து இலக்கம். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், நடுவில் கோடு எதுவும் கூடாது. அதன்பின் கேள்விக்குறி போட்டு, டெக்ஸ்ட் என்று எழுதி, சமக்குறி போட்டுச் செய்தியை ஒட்டலாம்.

ஒட்டும்போதுதான் சிக்கல். "2 இட்லி & 1 வடை" என்று அப்படியே ஒட்டினால், மெஸ்காரருக்கு "2 இட்லி" மட்டும் போய்ச்சேரும். ஏனென்றால் முகவரிக்குள் & என்பது 'அடுத்த விவரம் தொடங்குகிறது' என்று அர்த்தம். வடை அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும். எனக்கு இது தெரிய வந்தது, ஒருவர் "வடை வரலை" என்று சண்டை போட்ட பிறகுதான். செய்தியை முகவரிக்கு ஏற்றபடி என்கோடு செய்ய, அதாவது இப்படிப்பட்ட குறிகளை வேறு வடிவில் மாற்றி எழுத, எல்லா மொழியிலும் ஒரு வரியில் வசதி இருக்கிறது. இடைவெளி %20 ஆகும், & என்பது %26 ஆகும், வரி மாற்றம் %0ஏ ஆகும்.

தமிழ் எழுத்தும் இதேபோல் மாறும், ஆனால் நீளமாக. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஒரு பைட்டை எழுத மூன்று எழுத்து வேண்டும். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் தனியாக எண்ணினால் ஏழு குறியீடுகள். முகவரியில் அது 63 எழுத்தாகிவிடும். உள்ளே பார்த்தால் விழுக்காட்டுக் குறிகளாகச் சிதறிக் கிடக்கும், ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும். பயப்பட வேண்டாம், வாட்ஸ்அப்பில் சரியாகத்தான் வரும். இரண்டு முறை என்கோடு செய்தால்தான் கெடும்: விழுக்காட்டுக் குறியே %25 ஆக மாறி, செய்தி முழுக்கக் குப்பையாக வந்து நிற்கும்.

வழி காட்டும் பட்டன் கடலைக் காட்டுகிறது!

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டிருப்பீர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஏறத்தாழ 9.92, 78.12. இதைத் திருப்பி 78.12, 9.92 என்று கொடுத்தால், நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சற்று மேற்கே ஆர்க்டிக் கடலில் குத்தும். அட்சரேகைதான் முதலில்.

ஆண்ட்ராய்டில் ஜியோ என்ற ஸ்கீம் இதற்கென்றே இருக்கிறது, எந்த வரைபட ஆப்பும் எடுத்துக்கொள்ளலாம். வெறும் எண்களை மட்டும் கொடுத்தால் கூகுள் மேப்ஸ் அந்த இடத்தைக் காட்டும், ஆனால் ஊசி குத்திக் காட்டாது. ஊசி வேண்டுமென்றால் தேடல் விவரமாகவும் அதே எண்களைக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே கோடு போதும் என்றால் கூகுள் மேப்ஸின் வழக்கமான இணைய முகவரியில் சேருமிடத்தைப் போட்டுவிடுங்கள். ஆப் இருந்தால் ஆப்பில் திறக்கும், இல்லாவிட்டால் பிரவுசரில்.

யுபிஐ ஆப்பைத் திறந்து பணம் வாங்குவது எப்படி?

நான்கு பட்டன்களில் அதிகம் கஷ்டப்படுத்தியது இதுதான்.

யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ இதற்கு ஒரு பொது வடிவம் வைத்திருக்கிறது. யுபிஐ என்ற ஸ்கீம், பே என்ற சொல், பின்னால் விவரங்கள்: பிஏ என்றால் பணம் பெறுபவரின் யுபிஐ ஐடி, பிஎன் அவர் பெயர், ஏஎம் தொகை, டிஎன் குறிப்பு, டிஆர் உங்கள் பக்கத்து ஆர்டர் எண், சியு நாணயம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடுக்குள்ளும் இதே வரிதான் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் கேமரா வழியாகவும், பட்டனை அமுக்கினால் இன்டென்ட் வழியாகவும் ஒரே சீட்டு போகிறது.

ஆண்ட்ராய்டில் இந்தச் சீட்டைக் கொடுத்தால், போனில் இருக்கும் யுபிஐ ஆப்களையெல்லாம் வரிசையாகக் காட்டி 'எதில்?' என்று கேட்கும். ஐபோனில் அப்படி ஒரு தேர்வுப் பட்டியல் வராது. பல ஆப்கள் ஒரே ஸ்கீமைப் பதிவு செய்திருந்தால் ஏதோ ஒன்று திறக்கும், எது என்று நீங்கள் சொல்ல முடியாது. அதனால்தான் ஐபோனில் பணம் கட்டும் திரையில் போன்பே, பேடிஎம், கூகுள் பே என்று தனித்தனிப் பட்டன்கள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஸ்கீமைப் பயன்படுத்துகிறார்கள்.

பணம் கட்டி முடித்ததும் ஆண்ட்ராய்டில் யுபிஐ ஆப் ஒரு பதில் வரியைத் திருப்பித் தரும். அதில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வெற்றி, தோல்வி, அல்லது 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று இருக்கும். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். பணம் போனதா இல்லையா என்று வங்கியே இன்னும் முடிவு சொல்லவில்லை என்று அர்த்தம். இதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு 'மறுபடி கட்டுங்கள்' என்று காட்டினால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம் போய்விடும்.

'வெற்றி' என்று வந்தாலும் அதை நம்பி ஆர்டரை உறுதி செய்யாதீர்கள். அந்தப் பதில் வருவது பயனரின் போனிலிருந்து. யுபிஐ சீட்டை எடுத்துக்கொள்வேன் என்று பதிவு செய்து, எதையும் செய்யாமலேயே 'வெற்றி' என்று பதில் அனுப்பும் ஆப்பைக் கொஞ்சம் கோடு தெரிந்த யாரும் ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். ஆப் வைத்தே உங்கள் ஆப்புக்கு ஆப்பு வைத்துவிடுவார்கள். பணம் வந்ததை உங்கள் சர்வர், வங்கியிடமோ பேமென்ட் கேட்வேயிடமோ ஆர்டர் எண்ணைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். சர்வர் இல்லாத சின்னக் கடை என்றால், கல்லாவில் இருப்பவர் தன் போனையோ சவுண்ட் பாக்ஸையோ பார்த்துச் சொல்லட்டும். மெஸ் ஆப்பில் நான் கடைசியில் செய்தது இதுதான். 'பணம் கட்டியாச்சு' என்று ஆப் சொல்லாது, 'கடைக்குத் தெரிவித்திருக்கிறோம்' என்று மட்டும் சொல்லும்.

இன்னொன்று. மெஸ்காரரின் சொந்த ஐடியைப் போட்டு இப்படி அனுப்பினால், பாதுகாப்பு காரணம் என்று சொல்லிப் பல யுபிஐ ஆப்கள் மறுத்துவிடுகின்றன. வணிகர் கணக்காகப் பதிவு செய்து வாங்கிய ஐடியைப் போடுங்கள்.

யாரோ அனுப்பிய லிங்கைத் தொட்டதும் யுபிஐ ஆப் தானாகத் திறக்கிறது. பணம் போய்விடுமா?

திறந்ததால் மட்டும் போகாது. மேலே சொன்ன சீட்டுதான் அது, தொகையை நிரப்பி வைத்திருக்கும். நீங்கள் உங்கள் ரகசிய எண்ணான யுபிஐ பின்னை அடித்தால்தான் பணம் நகரும். பணம் வாங்குவதற்கு அந்தப் பின்னை அடிக்கத் தேவையே இல்லை. 'பரிசு வந்திருக்கிறது, பின் போடுங்கள்' என்றால் அது உங்களிடமிருந்து எடுப்பதற்குத்தான். ஒரு ஆப்பை ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கச் சொல்லும் லிங்க் என்றால் இதைவிட மோசம், தொடவே தொடாதீர்கள்.

பணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தால் என் ஆப் முதல் திரையிலிருந்து தொடங்குகிறது. ஏன்?

பயனர் யுபிஐ ஆப்பில் இருந்தபோது, நினைவகம் போதாமல் இயங்குதளம் உங்கள் ஆப்பை மூடிவிட்டது. உங்கள் மேசையில் இருக்கும் புது போனில் இது நடக்கவே நடக்காது. 3 ஜிபி ராம் உள்ள போனில், பின்னால் நாலைந்து ஆப் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் அடிக்கடி நடக்கும். இன்னொரு ஆப்பைத் திறப்பதற்கு முன்பே ஆர்டர் எண்ணையும் எந்தத் திரையில் இருந்தார் என்பதையும் போனில் எழுதி வைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு டெவலப்பர் அமைப்புகளில் 'ஆக்டிவிட்டிகளை வைத்துக்கொள்ளாதே' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுச் சோதித்தால் இந்தத் தொல்லையில் பாதி வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஐபோனில் திரும்பி வர, இடது மேல் மூலையில் பழைய ஆப்பின் பெயரோடு சின்னதாக ஒரு அம்பு தெரியும். ஐஓஎஸ் 9-இல் வந்த வசதி அது. பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

எங்கள் ஆப்பை மற்றவர்கள் திறக்க வேண்டும். சொந்த ஸ்கீம் நல்லதா, இணைய முகவரி நல்லதா?

இணைய முகவரிதான்.

சொந்த ஸ்கீமை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். 'மெஸ்' என்று நீங்கள் வைத்த அதே பெயரை இன்னொருவர் தன் ஆப்பில் எழுதினால் தடுக்க ஆளில்லை. இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. உள்நுழையும்போது பிரவுசரில் கடவுச்சொல் கொடுத்ததும், ஒரு ரகசியக் குறியீடு ஸ்கீம் வழியாக ஆப்புக்குத் திரும்பி வரும். அதே ஸ்கீமை வைத்திருக்கும் திருட்டு ஆப் நடுவில் புகுந்து வாங்கிக்கொள்ளலாம். இதைத் தடுக்கத்தான் 2015-இல் பிக்ஸி என்ற முறையை வகுத்தார்கள். உள்நுழைவைத் தொடங்கிய ஆப்பிடம் மட்டும் இருக்கும் ஒரு ரகசியத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் குறியீடு செல்லும்.

இணைய முகவரி முறையில் இந்தக் குழப்பம் இல்லை. உங்கள் தளத்தின் குறிப்பிட்ட ஒரு அடைவில் ஒரு கோப்பை வைத்து, 'இந்த ஆப் எங்களுடையது' என்று எழுதுகிறீர்கள். ஆப்புக்குள் 'இந்தத் தளம் எங்களுடையது' என்று எழுதுகிறீர்கள். இரண்டும் பொருந்தினால்தான் லிங்க் ஆப்பில் திறக்கும். ஐபோனில் இது யுனிவர்சல் லிங்க், ஐஓஎஸ் 9 முதல். ஆண்ட்ராய்டில் ஆப் லிங்க், 2015-இல் வந்த 6.0 முதல். ஆப் இல்லாத போனில் அதே லிங்க் பிரவுசரில் பக்கமாகத் திறக்கும் என்பது கூடுதல் லாபம்.

எல்லாம் செய்துவிட்டேன், லிங்க் இன்னும் பிரவுசரில்தான் திறக்கிறது.

ஆண்ட்ராய்டு என்றால் முதலில் கைரேகையைப் பாருங்கள். உங்கள் விரல் அல்ல, ஆப்பில் இட்ட கையொப்பத்தின் எஸ்எச்ஏ-256 கைரேகை. தளத்துக் கோப்பில் பெரும்பாலானவர்கள் தங்கள் கணினியில் இருக்கும் சாவியின் கைரேகையைப் போடுகிறார்கள். ஆனால் பிளே ஸ்டோர் தன்னிடம் உள்ள வேறொரு சாவியால் கையொப்பமிட்டுத்தான் பயனருக்கு அனுப்புகிறது. பிளே கன்சோலில் அந்தக் கைரேகை கிடைக்கும், அதை எடுத்துப் போட வேண்டும். உங்கள் கணினியிலிருந்து நேராக ஏற்றினால் வேலை செய்யும், ஸ்டோரிலிருந்து இறக்கினால் செய்யாது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை இதுதான் காரணம். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், சரிபார்ப்பில் தேறாத லிங்க் 'எதில் திறக்கட்டும்?' என்றுகூடக் கேட்காமல் பிரவுசருக்குப் போய்விடுகிறது.

ஐபோன் என்றால், தளத்துக் கோப்பு வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படுகிறதா என்று பாருங்கள். திருப்பினால் செல்லாது. ஐஓஎஸ் 14 முதல் போன் அந்தக் கோப்பை உங்கள் தளத்திலிருந்து நேராக எடுக்காமல் ஆப்பிளின் இடைச் சர்வரிலிருந்து எடுக்கிறது. அதனால் நீங்கள் திருத்தியது போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். சஃபாரியின் முகவரிப் பட்டியில் லிங்கை ஒட்டிச் சோதிக்காதீர்கள், அப்படிச் செய்தால் ஆப் திறக்காது. நோட்ஸில் எழுதி வைத்துத் தொட்டுப் பாருங்கள்.

ஆப் போனில் இல்லையென்றால் ஸ்டோருக்கு அனுப்பி, இன்ஸ்டால் ஆனதும் அதே பக்கத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

ஸ்டோருக்கு அனுப்புவது சுலபம். ஆண்ட்ராய்டில் மார்க்கெட் என்ற ஸ்கீமோடு பேக்கேஜ் பெயர் போதும். அதே பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் கடினம். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் லிங்கில் ரெஃபரர் என்று ஒரு விவரத்தை ஒட்டி அனுப்பினால், இன்ஸ்டால் ஆனபின் ஆப் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஐபோனில் அப்படி ஒன்று இல்லை. கிளிப்போர்டில் எழுதிவைத்துப் படிக்கும் தந்திரம் ஒருகாலத்தில் ஓடியது, ஐஓஎஸ் 16 முதல் ஒட்டுவதற்கே அனுமதி கேட்கிறது.

இதற்கெல்லாம் கூகுளின் ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் என்ற சேவையைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய பாடங்கள் இன்னும் தேடலில் மேலே வருகின்றன. அந்தச் சேவை 2025 ஆகஸ்ட் 25-உடன் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பாடங்களைத் தாண்டிப் போங்கள்.

என் ஆப்புக்குள் இருக்கும் வெப்வியூவில் வாட்ஸ்அப் லிங்கைத் தொட்டால் 'தெரியாத ஸ்கீம்' என்று பிழை வருகிறது.

வெப்வியூ என்பது ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் சின்ன ஜன்னல், முழு பிரவுசர் இல்லை. எச்டிடிபி தவிர மற்ற ஸ்கீம்களை என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. லிங்க் ஏற்றப்படும் முன் இடைமறித்து, எச்டிடிபி அல்லாததை நீங்களே இன்டென்டாக மாற்றி அனுப்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் விளம்பரமும் உங்கள் பெயரில் சீட்டு கொடுக்கும். தொலைபேசி, மின்னஞ்சல், வாட்ஸ்அப், யுபிஐ என்று நாலைந்தை மட்டும் அனுமதியுங்கள்.

பயனர் எதையும் தொடாமலே, பின்னணியிலிருந்து இன்னொரு ஆப்பைத் திறக்கலாமா?

2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் கூடாது. ஓர் அறிவிப்பைக் காட்டி, அவர் தொட்டால் திறக்கலாம். முழுத்திரை அறிவிப்பு அலாரத்துக்கும் அழைப்புக்கும்தான். ஐபோனில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது ஷாப்பிங் ஆப் திடீரென்று குதிக்கிறது. எப்படி நிறுத்துவது?

உங்கள் விரல் பக்கத்தில் எங்கேயோ பட்டிருக்கும், அந்தத் தொடுதலையே விளம்பரம் பயன்படுத்திக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குப் போய், அந்த ஷாப்பிங் ஆப்பைத் தேர்ந்து, இயல்பாகத் திறப்பது பற்றிய பகுதியில் லிங்குகளைத் திறக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஒரு லிங்க் எப்போதும் தவறான ஆப்பிலேயே திறக்கிறது என்றாலும் இதே இடம்தான். எப்போதோ 'எப்போதும்' என்பதை அமுக்கியிருப்பீர்கள், அதை அழித்தால் மறுபடி கேட்கத் தொடங்கும்.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவில் எழுதினால் இதெல்லாம் தேவையில்லையா?

ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எழுத உதவும் கருவிகள் இவை. ஃப்ளட்டரில் யுஆர்எல் லாஞ்சர், ரியாக்ட் நேட்டிவில் லிங்கிங். ஒரே வரியில் திறக்கும். ஆனால் அடியில் ஓடுவது அதே இன்டென்ட், அதே ஸ்கீம். குவெரீஸ் பகுதியையும் ஐபோன் பட்டியலையும் நீங்கள்தான் எழுத வேண்டும். 'திறக்க முடியுமா என்று கேட்டால் எப்போதும் இல்லை என்கிறது' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதை எழுதாததால் வருபவை.

எந்தெந்த போனில் சோதிக்க வேண்டும்?

வாட்ஸ்அப்பே இல்லாத போன் ஒன்று. வாட்ஸ்அப், வாட்ஸ்அப் பிசினஸ் இரண்டும் உள்ள போன் ஒன்று, மெஸ்காரருடையது அப்படித்தான். யுபிஐ ஆப் இருந்தும் வங்கிக் கணக்கு இணைக்காத போன் ஒன்று. ராம் குறைந்த பழைய போன் ஒன்று. கடைசியாக, சிம் இல்லாத டேப்லெட் ஒன்று கிடைத்தால் அதில் 'அழை' பட்டனைத் தொட்டுப் பாருங்கள்.

என் ஆப் அதில் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அன்று ராத்திரி பிழையைப் பிடிக்கும் நான்கு வரியைச் சேர்த்தேன். இப்போது சீட்டை எடுக்க ஆளில்லாவிட்டால் கடையின் எண்ணைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டுகிறது.